எர்மெக்கின் பூட்ஸ்

அக்-ஜார்,
நவம்பர் 19

அன்புள்ள ஜிர்கலுக்கும், இதை உனக்கு வாசித்துக் காட்டப்போகும் உன் மனைவி, எனக்குத் தங்கை போன்ற பெர்மெத்துக்கும்,

தோக்தொசுன் எழுதுவது. இங்கே நாங்கள் ஒருவழியாக இருக்கிறோம். நீங்கள் இருக்கும் ஓம்ஸ்கில் இப்போதே முழங்கால் அளவு பனி என்று ரேடியோவில் கேட்டேன். ஜன்னல் இடுக்குகளுக்குப் பஞ்சு அடைத்தாயிற்றா? ஜிர்கல், உன் தலைவலி இந்த மாதம் எப்படி? வெளிச்சம் பட்டால் இன்னும் கண் கூசுகிறதா? போனில் பேசினால் உனக்குத் தலை சுற்றுகிறது, திரையைப் பார்க்கவே கூடாது என்று பெர்மெத் எழுதியதிலிருந்து நமக்குள் கடிதம் என்று ஆகிவிட்டது. அதுவும் நல்லதுதான். போனில் என்றால் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுகிறேன்.

பெர்மெத், நீ பின்னி அனுப்பிய கம்பளி முழங்கால் உறை போன வாரம் வந்து சேர்ந்தது. என் மனைவி சோல்பன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "உன் முட்டிய என்னைவிட உன் தங்கச்சிதான் நல்லாப் பாத்துக்கறா" என்று சிரித்தாள். ஏழு குளிர்காலமாக விடாமல் அனுப்புகிறாய். இந்தத் தடவை அதைப் போட்டுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அலமாரியில் இருக்கிறது.

வீட்டுச் செய்தி அதிகமில்லை. சோல்பன் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போய்வருகிறாள். மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, பேசினால் காற்றுதான் வருகிறது. சுரங்கத்தில் வேலை வாரத்துக்கு நான்கு நாள்தான். என் இடது முழங்கால் காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் மடங்க மறுக்கிறது. படி இறங்கும்போது பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குகிறேன். முப்பத்தாறு வயது. நம் புர்குத் கால்பந்து அணியில் பதினேழு வருடம், அதில் பதினொரு வருடம் கேப்டன். மூக்கு இரண்டு தடவை, விலா எலும்பு ஒரு தடவை, பற்கள் மூன்று. நீ போன பிறகு நடுத் தடுப்பில் என் பக்கத்தில் ஒன்பது பேர் ஸ்டாப்பர் ஆடிவிட்டார்கள். நீ நின்ற இடத்தைப் பார்க்காமலே பந்தைத் தட்டிவிடுவேனே, அப்படி இந்த ஒன்பது பேரில் ஒருவனிடமும் தட்ட முடியவில்லை. திரும்பிப் பார்த்துத்தான் தட்டினேன். அந்த ஒரு பார்வைக்குள் எதிராளி வந்துவிடுவான்.

இனிச் செய்திக்கு வருகிறேன். உனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். புர்குத் கீழ் லீகுக்கு இறங்கிவிட்டது. நான் ஆட்டத்தை விட்டுவிட்டேன். கேப்டன் பட்டையை அதற்கு முன்பே பிடுங்கிக்கொண்டார்கள். ஊரில் இதை நூறு விதமாகப் பேசுகிறார்கள். நடந்தது என்ன என்று என் வாயாலேயே கேட்டுக்கொள்.

போன மாதம் கடைசிச் சனிக்கிழமை, நம் மைதானத்தில், கணவாய்க்கு அந்தப் பக்கத்து அணியோடு ஆட்டம். தோற்காமல் இருந்தால் போதும், மேல் லீகில் தங்கிவிடுவோம். ஆட்டத்துக்கு முன் கிளப் தலைவர் ஓரோஸ்பெக் உடை மாற்றும் அறைக்கு வந்தார். கீழே இறங்கினால் கிளப்பை மூடிவிடச் சொல்லிவிட்டார்கள் என்றார். "உங்க வீட்டு அடுப்ப நெனச்சுக்கிட்டு ஆடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மைதானம் நிறைந்திருந்தது. நீ பார்த்தது போலத்தான், சூரியகாந்தி விதைத் தோல் படிக்கட்டெல்லாம். எதிரணி ஃபார்வர்ட் பந்தோடு வரும்போதெல்லாம் ஜனங்கள் "தோக்தோ, தோக்தோ" என்று கத்தினார்கள். என் பெயரின் முதல் பாதி, அவனுக்கு 'நில், நில்' என்று கட்டளை. பதினேழு வருடமாக இதே வேடிக்கை, அவர்களுக்கு அலுப்பதே இல்லை. எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் அன்றைக்குக் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

அறுபத்துமூன்றாவது நிமிடம் வரை கோல் இல்லை. அவர்களுக்கு ஒரு கார்னர். எர்மெக்கை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வந்தவன், வலது பக்கத் தடுப்பில் ரைட் பேக், இருபத்தேழு வயது, இரண்டு பெண் குழந்தைகள். நல்ல உழைப்பாளி. பந்துக்கு அவனும் அவர்களுடைய ஃபார்வர்டும் ஒன்றாக எழும்பினார்கள். தலையும் தலையும் மோதிக்கொண்டன. அந்தச் சத்தம் உனக்குத் தெரிந்திருக்காது ஜிர்கல். அடிபட்டவனுக்கு அது கேட்பதில்லை. பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் கேட்கிறது.

எர்மெக் தானாகவே எழுந்துவிட்டான். ரத்தம் இல்லை. தசை பிடித்துவிடும் ஆள் ஓடிவந்து குளிர் மருந்து அடித்தான். (கிளப்பில் இப்போது டாக்டர் கிடையாது. இசாபெக்குக்குப் பிறகு யாரையும் வைக்கவில்லை.) "மூஞ்சி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். எர்மெக் என்னிடம், "அண்ணே, ஸ்கோர் என்ன?" என்றான். ஜீரோ-ஜீரோ என்றேன். பந்து வெளியே போய் உள்ளே வந்தது. மறுபடியும், "அண்ணே, ஸ்கோர் என்ன?" சொன்னேன். ஒரு நிமிடம் கழித்து மூன்றாவது தடவை கேட்டான், முதல் தடவை கேட்கிற முகத்தோடு. பிறகு நேராக நடந்து இடது பக்கம் போய், எதிரணி ஆட்களோடு ஆளாக நின்றுகொண்டான்.

நான் பந்தை வெளியே அடித்துவிட்டு அவன் கையைப் பிடித்துக் கோட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனேன். நம் கோச் அஷிர்பாய் ஐந்து பேரையும் ஏற்கெனவே மாற்றிவிட்டார். மாற்றுவதற்கு ஆள் இல்லை.

"தலையில தண்ணிய ஊத்து, நிக்கட்டும். இருபத்தஞ்சு நிமிஷம்தான்" என்றார் கோச்.

"இவனுக்கு எந்தப் பக்கம் நம்ம கோல்னு தெரியல கோச்."

"தெரியலன்னா நீ காட்டு. அதுக்குத்தான கேப்டன்."

எர்மெக்கும் அதையேதான் சொன்னான். "நான் நல்லாருக்கேன் அண்ணே. என்னை வெளிய அனுப்பாதீங்க, உங்க கால்ல விழறேன்" என்றான். நடுவர் கடிகாரத்தைக் காட்டினார். எர்மெக் உள்ளே போகக் காலெடுத்து வைத்தான்.

நான் அவனைப் புல்லில் உட்காரவைத்து, மண்டியிட்டு, அவனுடைய பூட்ஸ் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தேன். யோசித்துச் செய்யவில்லை. இரட்டை முடிச்சு, குளிரில் விரல் மரத்திருந்தது. அவன் கூச்சப்பட்டுச் சிரித்தான். இடது, பிறகு வலது. இரண்டையும் எடுத்துக்கொண்டு எழுந்து, மதிலுக்கு அந்தப் பக்கம் நிலக்கரி ரயில் போகிற பாதையில் விட்டெறிந்தேன். முதல் பூட்ஸை இரண்டு தடவை எறிய வேண்டியிருந்தது. முதல் தடவை மதிலில் பட்டுத் திரும்பி வந்துவிட்டது.

முதலில் ஜனங்கள் சிரித்தார்கள். "கேப்டன் செருப்புக் கடை போட்டுட்டாரு" என்று ஒருவன் கத்தினான். பிறகு விஷயம் புரிந்ததும் சிரிப்பு நின்றது. "உன்னுதையும் கழட்டி எறிடா கிழவா, நீ மட்டும் ஓடவா போற?" என்று ஒரு குரல். ஓரோஸ்பெக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கி வந்தார். "தோக்தொசுன், பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு? போய் எடுத்துட்டு வா" என்றார். பெஞ்சில் இருந்தவர்களின் பூட்ஸைக் கழற்றி எர்மெக்கின் காலில் மாட்டிப் பார்த்தார்கள். அவன் கால் கழுதைக் கால், நாற்பத்தாறு அளவு. ஒன்றும் நுழையவில்லை. குதிகால் வெளியே நிற்க, ஒரு பூட்ஸில் பாதிக் காலை விட்டுக்கொண்டு அவன் கண்ணீரோடு இழுத்துக்கொண்டிருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

நடுவர் எனக்கு மஞ்சள் அட்டை காட்டினார். "எழுதிக்கோங்க. நாங்க பத்துப் பேர் ஆடறோம்" என்றேன்.

இருபத்தைந்து நிமிடம். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் ஆடியதில்லை, அவ்வளவு களைத்ததும் இல்லை. எண்பத்தெட்டாவது நிமிடத்தில் அவர்களுடைய ஆள் ஒருவன் எர்மெக்கின் பக்கமாகப் பந்தைக் கொண்டுவந்தான். அங்கே யாரும் இல்லை. நான்தான் போக வேண்டும். போனேன். மனசு முன்னால் போய்விட்டது, கால் வரவில்லை. அவன் பந்தை நடுவே தூக்கிப் போட்டான், நான் விட்டுவிட்டு வந்த இடத்தில் ஒருவன் நின்று தலையால் தட்டினான். கோல். அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு எர்மெக் பெஞ்சில் வெறுங்காலோடு துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தான். "ஸ்கோர் என்ன அண்ணே?" என்றான். ஒன்று-பூஜ்யம், தோற்றுவிட்டோம் என்றேன். குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுது ஓய்ந்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்டான். சொன்னேன். அப்போதுதான் முதல் தடவையாகக் கேள்விப்படுகிறவன் போல மறுபடியும் அழுதான். மூன்றாவது தடவையும் அப்படியே. நான்காவது தடவை ஜீரோ-ஜீரோ என்று சொல்லிவிட்டேன். "அப்ப தங்கிட்டோம்" என்று சிரித்தான்.

அவனையும் அவன் மனைவியையும் காரில் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் இசாபெக்கிடம் போனேன். நம் பழைய டாக்டர்தான். சந்தைக்குப் பின்னால் சின்னதாக ஒரு மருத்துவ அறை வைத்திருக்கிறார், முடியெல்லாம் நரைத்துவிட்டது. எட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கதவைத் தட்டினேன். என்னை உட்காரச் சொல்லவில்லை. எர்மெக்கின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, விரலைத் தொடர்ந்து பார்க்கச் சொல்லி, "உடனே நகரத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, தலையப் படம் எடுக்கட்டும்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். என்ன நடந்தது என்று அவள் சொல்லக் கேட்டுக்கொண்டார். நாங்கள் கிளம்பும்போது என்னை மட்டும் வாசலில் நிறுத்தினார்.

"பூட்ஸக் கழட்டத் தெரிஞ்சிருக்கே. அன்னைக்கே கழட்டியிருக்கலாம்ல" என்றார்.

அதற்கு நான் என்ன கேட்டேன் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

படத்தில் ஒன்றும் இல்லை ஜிர்கல். ரத்தக் கசிவு இல்லை, வீக்கம் இல்லை. மூன்று வாரம் ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும் என்று நகரத்து டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். நான் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். ஆனால் அந்தத் தாள்தான் இப்போது ஊர் முழுக்க என்னைச் சுற்றி வருகிறது. ஓரோஸ்பெக் என்னைக் கூப்பிட்டு, "ஒண்ணுமில்லாததுக்கு முப்பது குடும்பத்தத் தெருவுல விட்டுட்டியே" என்று சொல்லிப் பட்டையை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். ரொட்டி சுடும் அம்மா என் முறை வரும்போது மட்டும் தீர்ந்துவிட்டது என்கிறாள். அடுப்பில் ரொட்டி ஒட்டியிருப்பது எனக்குத் தெரிகிறது. மினிபஸ் ஓட்டுகிறவன் என்னைப் பார்த்தால் "தோக்தோ" என்று கத்திவிட்டு நிறுத்தாமல் போகிறான். அதற்குக்கூட ஒரு கணம் சிரிப்பு வந்தது.

எர்மெக் போன வாரம் வீட்டுக்கு வந்தான். தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தான். "நீங்க என்னைக் காப்பாத்துனீங்களா கெடுத்தீங்களான்னே எனக்குத் தெரியல அண்ணே. கீழ எறங்குன டீமோட ரைட் பேக்க எவன் கூப்புடுவான்?" என்றான். எனக்கும் தெரியலடா என்றேன். அவன் தவறு சொல்லவில்லை. மறுபடியும் உள்ளே போயிருந்தால் இரண்டாவது அடி பட்டிருக்கலாம், படாமலும் இருந்திருக்கலாம். நடக்காமல் போனதற்கு யாரிடம் போய்ச் சாட்சி கேட்பது?

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று சோல்பன் கேட்டாள், கோச் கேட்டார், சுரங்கத்து ஆட்கள் கேட்டார்கள். கேட்டபோது ஒருவருக்கும் சொல்லவில்லை. முக்கியமாகச் சொல்ல வேண்டியவர்கள் இந்த ஊரில் இல்லை.

பெர்மெத், இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள். மீதியை முதலில் நீ மட்டும் படி. பிறகு அவனுக்கு வாசிப்பதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

எட்டு வருடத்துக்கு முன் அந்த அரையிறுதியில் ஜிர்கலின் நெற்றிப்பொட்டில் எதிராளியின் முழங்கால் பட்டு அவன் உட்கார்ந்துவிட்டான் அல்லவா, கோச் மைதானத்தின் அந்தப் பக்கம் இருந்தார். இசாபெக்தான் முதலில் ஓடிவந்தார். கண்ணைப் பார்த்தார், விரலைக் காட்டினார். என்னிடம் திரும்பி, "வெளிய எடு தோக்தொசுன். இவன் இன்னைக்கு ஆடக் கூடாது" என்று தெளிவாகச் சொன்னார். நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். ஜிர்கல் இல்லாமல் அந்த ஆட்டத்தை எப்படிப் பிடித்துவைப்பது என்பதுதான் என் மண்டையில் இருந்தது. இருங்க டாக்டர் என்று அவரைத் தள்ளிவிட்டு இவனைக் கேட்டேன். "பந்து ரெண்டாத் தெரியுதுடா" என்றான். "அப்ப ரெண்டையும் தட்டு" என்றேன். இவன் சிரித்தான். நான் கோச்சைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். பன்னிரண்டு நிமிடம் கழித்து இரண்டாவது அடி. அதிலிருந்து இவன் தானாக எழுந்திருக்கவில்லை. ஆட்டத்தை ஜெயித்தோம்.

'ரெண்டையும் தட்டு' என்பதை நான் பிறகு எத்தனை இடத்தில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். ஜிர்கலுக்காக நடத்திய பிரியாவிடை விருந்தில், நீ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

அந்த ஆட்டத்துக்கு அடுத்த நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில், கையில் வெந்நீர்க் கெட்டிலோடு நீ என்னிடம் வந்து, "ஆடலாம்னு யார் அண்ணே சொன்னா?" என்று கேட்டாய். டாக்டர் சொன்னார் என்றேன். கிளப் விசாரணையிலும் அதையேதான் சொன்னேன். இசாபெக்கை வேலையை விட்டு அனுப்பினார்கள். அன்று அதே வராந்தாவில் நீ அவரை நிறுத்தி வைத்து என்னென்ன கேட்டாய், அவர் எப்படித் தலை குனிந்து நின்றார் என்பதெல்லாம் எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

எர்மெக்கை அழைத்துப்போன அன்று, வாசலில் நின்றபடி, நீங்க ஏன் வாயைத் திறக்கல என்று அவரைக் கேட்டேன். "சொல்லியிருந்தா யாரு நம்பியிருப்பா? நீ கேப்டன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

ஆடலாம் என்று சொன்னது நான்தான் பெர்மெத். டாக்டர் இல்லை. நான் மட்டும்தான்.

திங்கட்கிழமை காலை நகரசபையில், விசாரணை நடத்தியவர்களில் இன்னும் உயிரோடு இருக்கும் இரண்டு பேரிடமும் இதை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒருவர் வாங்கிப் படித்துவிட்டு, இப்போது இதை வைத்து என்ன செய்வது என்று என்னையே கேட்டார். சோல்பனிடம் நேற்றுச் சொன்னேன். அவள் என்னிடம் இன்னும் பேசவில்லை, ஆனால் தட்டில் சோறு வைத்தாள்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. அப்படி ஒன்றைக் கேட்க எனக்கு முகம் இல்லை. இனி என்னை அண்ணன் என்று எழுதாமல் இருந்தாலும், ஒன்றுமே எழுதாமல் இருந்தாலும், அது சரிதான் என்றே எடுத்துக்கொள்வேன். ஜிர்கலை அங்கே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்ட, மருந்து வாங்க, எதுவானாலும் என்னால் ஆனதைச் செய்துகொண்டே இருப்பேன். அதைத் திருப்பி அனுப்பிவிடாதே, அவன் பேரைச் சொல்லி வாங்கிக்கொள்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் போட வேண்டாம். அதற்கு எடுக்கும் காகிதத்தில் இசாபெக்குக்கு ஒரு வரி எழுது. அக்-ஜார், சந்தைத் தெரு, டாக்டர் இசாபெக் என்று போட்டாலே போய்ச் சேர்ந்துவிடும். அவருக்கு எழுபது ஆகிறது. சீக்கிரம் எழுது.

ஜிர்கல் ஒரு நாளாவது தலைவலி இல்லாமல் தூங்கி எழட்டும். ஜன்னல் திரையை விலக்கிப் பனியைப் பார்க்கட்டும். உன் கைக்கு வேலையும், உன் மனசுக்குக் கொஞ்சம் ஓய்வும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தோக்தொசுன்